பதினோராம் நாளின் இறக்கம்

காலை ஐந்தரை மணிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பு அறையில் எல்லோரும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, டெலிபோன்காரரின் மச்சினன் மட்டும் எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள் பல் கிட்டித்துக் கிடந்தான்.

இருபத்தாறு பேர் கொண்ட குழு அது. ஒரு கடலோரத்தில் சைக்கிள் ஏறி, நாட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போய், பத்தொன்பதாம் நாள் மறு கடலோரத்தில் இறங்குவதாகத் திட்டம். அன்று பதினோராம் நாள். குழுவுக்குத் தலைவர் ஒரு மாட்டு டாக்டர். அவர் வந்து மச்சினனின் நெற்றியில் கை வைத்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"நூத்திரெண்டு இருக்கும். இன்னைக்கு இவருக்கு சைக்கிள் கிடையாது. வேன்" என்றார். மாடுகள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பதால் அவருக்கு மனிதர்களிடமும் அதே பழக்கம்.

மச்சினனை வேனில் ஏற்றுவது பெரிய விஷயமில்லை. அவன் ஓட்டி வந்தது இரட்டைச் சைக்கிள் என்பதுதான் சிக்கல். இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி மிதிகட்டை, ஒரே சங்கிலி. முன்னால் மச்சினன், பின்னால் அவன் அக்காவின் கணவர். அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாக டெலிபோன் இணைப்பகத்தில் வேலை. ஒருமுறை கேட்ட குரலை மறக்க மாட்டார். குழுவில் எல்லோருக்கும் அவர் டெலிபோன்காரர்.

டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்து, "யாராவது முன்னால உட்கார்ந்து ஓட்டுறீங்களா?" என்று கேட்டார்.

ஒருவருக்கு இடுப்பில் பிடிப்பு. ஒருவர் இரட்டைச் சைக்கிளைத் தொட்டதே இல்லை. இன்னொருவர் தன் சைக்கிளின் காற்றை அப்போதுதான் மும்முரமாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. அன்றைய பாதை அப்படி. நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். அறுபதாவது கிலோமீட்டரில் மலைக் கணவாய், அதன் பிறகு பதினான்கு கிலோமீட்டர் ஒரே இறக்கம், கடைசியில் ஓர் ஆறு. ஆற்றைக் கடக்கும் கடைசிப் படகு ஐந்து மணிக்கு. அக்கரையில்தான் தங்குமிடம்.

டெலிபோன்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பின் இருக்கையில் ஒரு கையை ஊன்றியபடி நின்று, ஒவ்வொருவர் சாக்கையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்தானே, நீங்களும் வேன்லயே வந்துடுங்க" என்றார் டாக்டர்.

"பத்து நாள் மிதிச்சிருக்கேன் டாக்டர். பதினொண்ணை விட்டுட்டுப் பன்னிரண்டுக்குப் போனா, நான் கடந்த நாட்டுல நடுவுல ஒரு ஓட்டை இருக்கும். அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"நான் ஓட்டுறேன்" என்று ஒரு குரல் கேட்டது.

சொன்னவள் குழுவின் கடைசி ஆள். பத்து நாளும் தங்குமிடத்துக்கு எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்தவள். நாற்பத்து நான்கு வயது. துறைமுகத்தில் கிரேன் இயக்குபவள். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நான்கு டன் பெட்டிகளைத் தூக்கிக் கப்பலில் வைப்பது அவள் வேலை. குழுவில் அவளைக் கிரேன் அக்கா என்பார்கள்.

"கிரேன் அக்காவா?" என்று யாரோ இழுத்தார்கள். "படகு ஐஞ்சு மணிக்கு."

"தெரியும்" என்றாள் அவள்.

அவள் சொல்லாத ஒன்று இருந்தது. அவள் கடைசியாக வருவது கால் வலுவில்லாமல் அல்ல. ஏற்றத்தில் அவள் பாதிப் பேரை முந்துவாள். இறக்கம் வந்தால்தான் எல்லோரும் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மேம்பாலத்துச் சரிவில், வளைவில் கிடந்த மணலில் வழுக்கி விழுந்து, தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் அவள் கணவர்தான் தலைவாரி விட்டார். வகிடு ஒரு நாளும் நேராக வந்ததில்லை. எலும்பு கூடிவிட்டது. ஆனால் சாலை கீழ்நோக்கிச் சாய்ந்தாலே அவளுடைய விரல்கள் பிரேக்கைக் கவ்விக்கொள்ளும். சமதரை வரும்வரை விடாது. கிரேன் கூண்டிலிருந்து கீழே பார்த்தால் ஒன்றும் தோன்றாது; ஒரு சின்னச் சரிவுதான் ஆகாது.

அதைச் சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். சொன்னால் டாக்டர் விடமாட்டார். அந்த மனிதர் இருக்கையில் கையை ஊன்றி நின்ற விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

மச்சினன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை வந்து, நடுங்கும் கையாலேயே முன் இருக்கையை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தான். "அத்தான் நல்லா மிதிப்பாரு. ஆனா பேசிக்கிட்டே இருப்பாரு. பள்ளம் வந்தா முன்னாடியே சொல்லிடுங்க, இல்லைன்னா முதுகு போயிடும். இறக்கத்துல பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க" என்றான்.

அவளுடைய சைக்கிளை வேன் மேல் கட்டிவிட்டு, பள்ளி மைதானத்தில் ஒத்திகை பார்த்தார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள் அவள். டெலிபோன்காரர் மிதித்தார். அவள் மிதிக்கவில்லை. சைக்கிள் ஒருக்களித்துச் சாய்ந்தது.

"மூணு சொல்லும்போதா, சொல்லி முடிச்சப்புறமா?" என்று கேட்டார் அவர், ஒற்றைக் காலில் தத்தியபடி.

"சொல்லும்போது."

"அப்ப நீங்கதான் லேட்டு."

நான்காவது முயற்சியில் சைக்கிள் ஓடியது. நீளமான வண்டி. திரும்பச் சொன்னால் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். இரண்டு பேரும் சைக்கிளுமாகச் சேர்ந்து நூற்று எழுபது கிலோ. தினமும் டன் கணக்கில் தூக்குபவள்தான், ஆனால் அதைக் காலால் தூக்கியதில்லை. மைதானத்தை ஆறு சுற்று சுற்றிவிட்டு, ஆறே முக்காலுக்குச் சாலையில் ஏறினார்கள். மற்றவர்கள் போய் அரைமணி ஆகியிருந்தது.

முதல் இருபது கிலோமீட்டரில் அவள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டாள். இது அவளுக்குத் தெரிந்த வேலைதான். துறைமுகத்தில் சில சமயம் கொக்கி கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிவிடும், மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் சொல்வதை வைத்துத்தான் இறக்க வேண்டும். இங்கே கண் தெரியாமல் இருப்பவர் அவர், சொல்ல வேண்டியவள் அவள். அவ்வளவுதான் வித்தியாசம். அதே சுருக்கமான பேச்சை எடுத்தாள்.

"பள்ளம். கியர் மாத்துறேன். மிதிக்க வேண்டாம். மிதிங்க."

"எங்க ஆஸ்பத்திரி டாக்டருங்க இப்படிப் பேசினா என் வேலை எவ்வளவு சுலபமா இருக்கும்" என்றார் பின்னாலிருந்து. பிறகு தன் வேலையைப் பற்றி ஒன்பது கிலோமீட்டர் பேசினார். வழியில் என்ன தெரிகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மர அறுவை ஆலையையும், புதிதாகத் தார் போட்ட இடத்தையும், குளித்துவிட்டு நிற்கும் குதிரைகளையும் அவரே மூக்கால் கண்டுபிடித்துச் சொன்னார். மிதிப்பதில் மச்சினன் சொன்னது பொய்யில்லை. ஏற்றம் ஆரம்பித்ததும் பின்னாலிருந்து யாரோ கையைக் கொடுத்துத் தள்ளுவதுபோல் இருந்தது.

ஏற்றம் ஆளை உரித்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் பேச்சு நின்றது. இருவர் மூச்சும் மட்டும் ஒன்றாக ஏறி இறங்கியது. ஓரிடத்தில் நடப்பவர்கள்கூட முந்தும் வேகத்துக்கு வந்துவிட்டார்கள்.

"இறங்கித் தள்ளலாமா?" என்று அவள் கேட்டாள்.

"நீங்க இறங்குறீங்கன்னா சரி. எனக்கு இன்னும் கால் இருக்கு."

"எனக்கும் இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

சரியாக ஒரு மணிக்குக் கணவாயை அடைந்தார்கள். வேன் அங்கே நின்றிருந்தது. வேன்காரர் ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்தார். பின் இருக்கையில் மச்சினன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். "முன்னாடி போன கூட்டம் இறங்கி ஒரு மணி நேரம் ஆச்சு. நீங்க மோசமில்லை. கீழ ஒழுங்கா இறங்கிட்டா படகைப் பிடிச்சிடலாம்" என்றார் வேன்காரர்.

அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தாள். எதிரே சாலை சாய்ந்து, ஒரு பாறையைச் சுற்றி மறைந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டெலிபோன்காரர் அதற்குள் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "மூணு சொல்லும்போதுதானே?" என்று கேட்டார்.

அவள் மூன்று சொன்னாள்.

முதல் நூறு மீட்டரிலேயே தெரிந்துவிட்டது. அவளுடைய சைக்கிள் சரிவில் உருளும். இந்த வண்டி பாய்ந்தது. அவள் விரல்கள் வழக்கம்போல இரண்டு பிரேக்கையும் கவ்விக்கொண்டன. வேகம் அடங்கியது. அப்படியே பிடித்தபடி ஒரு வளைவு, இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு. பிரேக் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பில் உரசிக்கொண்டே வந்தன. முன்கை மரத்துப்போயிற்று. நான்காம் வளைவுக்கு முன்னால் அவர் அவள் முதுகில் தட்டினார்.

"நிறுத்துங்க. இப்பவே."

ஓரமாக நிறுத்தினாள்.

"ரப்பர் தீயற வாசனை வருது. பிரேக்கை விடவே இல்லையா நீங்க?"

அவள் தண்ணீர் பாட்டிலிலிருந்து விரலை நனைத்து, பின்சக்கர விளிம்பில் ஒரு சொட்டு வைத்தாள். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது.

"இவ்வளவு எடையை இப்படி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வந்தா விளிம்பு சூடாகி டியூப் வெடிக்கும். அழுத்திப் பிடிச்சிட்டு விடணும். கொஞ்சம் ஆறணும். மறுபடி பிடிக்கணும். மச்சினன் அப்படித்தான் பண்ணுவான். சொல்ல மறந்துட்டானா?"

"சொன்னார்."

"அப்புறம்?"

பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேம்பாலம், மணல், எலும்பு, விரல்கள். பத்து நாளாக ஏன் கடைசி என்பதையும் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை ஒரு சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் முகம் இறுகியிருந்தது. "இதைக் காலையிலயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்க."

"வந்திருப்பேன். ஆனா தெரிஞ்சு வந்திருப்பேன். என் எலும்பும் இந்த வண்டியிலதானே இருக்கு."

"தப்புதாண்ணா" என்றாள்.

சக்கரத்திலிருந்து மெல்லிய டிக் டிக் சத்தம் வந்துகொண்டிருந்தது, உலோகம் ஆறும் சத்தம். கடைசியில், "வேன்காரரைக் கூப்பிடலாம். பின்னாலதான் வர்றாரு. உனக்கு என்ன தோணுது, சொல்லு தங்கச்சி" என்றார். எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். வருஷக்கணக்காக நான்கு டன்னை ஒரு முட்டையை வைப்பதுபோல வைத்த கைகள். கொக்கி கண்ணுக்குத் தெரியாதபோதும் அவை நடுங்கியதில்லை. ஏன் என்று யோசித்தாள். அப்போது அவை அவள் பேச்சைக் கேட்பதில்லை, வாக்கி டாக்கியில் வரும் குரலைக் கேட்கின்றன.

"அண்ணா, எவ்வளவு வேகமாப் போறோம்னு உங்களுக்குத் தெரியுமா, பின்னால இருந்து?"

"தெரியும். காதுல காத்து மாறும்."

"அப்ப நேர் ரோட்டுல பிரேக்கை நீங்க சொல்லுங்க. பிடின்னா பிடிக்கிறேன். விடுன்னா விட்டுடறேன். நானா பிடிச்சா விடமாட்டேன், என்னைத் தெரியும் எனக்கு. உங்க சொல்லுக்குப் பிடிச்சா விட முடியும். வளைவை நான் பார்த்துக்கறேன், அங்க மட்டும் என் இஷ்டம்."

அவர் தலையைச் சாய்த்து அதை எடைபோட்டார். "நான் விடுன்னு சொன்னா விடணும். கேள்வி கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டேன். வேலையில நாங்க கேட்கறதில்லை."

விளிம்பு கைபொறுக்கும் சூட்டுக்கு வரக் கால்மணி நேரம் ஆயிற்று. மறுபடி ஏறினார்கள்.

"விடு" என்றார்.

விடுவது என்பது இரண்டு விரலை நீட்டுவது. அதற்கு அவளுக்கு உடம்பின் பலம் முழுவதும் தேவைப்பட்டது. விட்டாள். வண்டி பாய்ந்தது. காற்று சட்டையைப் படபடக்க வைத்தது. ஒவ்வொரு நொடியும் விரல்கள் தாமாக மடங்கப் பார்த்தன.

"பிடி. நல்லா அழுத்து. விடு. நிமிர்ந்து உட்காரு, காத்து பிடிக்கட்டும்."

பின்னால் அவரும் நிமிர்ந்து, தோளை விரித்து உட்கார்ந்தார். நிமிர்ந்த உடம்புகளில் காற்று மோதி வேகத்தைக் குறைத்தது.

"வளைவு. இடது" என்றாள் அவள். வளைவுக்கு முன்பே பிடித்து, வேகத்தைக் கொன்று, தானாகச் சாய்ந்து திரும்பினாள். அவர் உடம்பு அவளோடு சாய்ந்தது. "நேர்."

"விடு."

ஏழாவது வளைவு தாண்டி ஒரு லாரி பின்னால் வந்தது. அவருக்கு அது முன்பே கேட்டுவிட்டது. "லாரி. பெருசு. ஓரமாப் போ, பிடிக்காத." லாரி உரசிக்கொண்டு போவதுபோலப் போயிற்று; அதன் காற்று சைக்கிளைச் சாலை விளிம்புக்குத் தள்ளியது. அவள் கண் ஓரத்தில் தடுப்புச் சுவர் முடிந்து வெறும் வானம் தெரிந்தது. விரல்கள் மடங்கிவிட்டன.

"விடு தங்கச்சி."

அவள் விட்டாள். சைக்கிள் ஓர் ஆட்டம் ஆடி நேரானது. அவள் வாய்க்குள் ரத்தம் கரித்தது, உதட்டைக் கடித்திருக்கிறாள்.

நடுவில் இன்னும் இரண்டு தடவை சக்கரம் ஆற நிறுத்தினார்கள். கீழே சமதரை வந்தபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பயம் போய்விடவும் இல்லை. அது கூடவே இறங்கி வந்திருந்தது.

மீதி நாற்பத்து நான்கு கிலோமீட்டர். எதிர்க்காற்று. தலையைக் குனிந்துகொண்டு இருவரும் மிதித்தார்கள். அவர் ஏதோ கணக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே மிதித்தார், பதினேழாம் வாய்ப்பாட்டில் மட்டும் இரண்டு தடவை தப்பு செய்தார். ஆற்றங்கரையை அடைந்தபோது ஐந்து இருபது. படகு அக்கரையில் கட்டியிருந்தது.

வழியில் அவர்களை முந்திப் போயிருந்த வேன்காரர் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். "ஏறுங்க. நான் பாலம் வழியாச் சுத்தித்தான் போகணும். பத்தொன்பது கிலோமீட்டர். சைக்கிளை மேல கட்டிடறேன்."

"பாலத்துல சைக்கிள் விடுவாங்களா?" என்று அவள் கேட்டாள்.

வேன்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விடுவாங்க. ஆனா இருட்டிடும்மா."

"ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கு. நீங்க பின்னால விளக்கைப் போட்டுக்கிட்டு வாங்க."

டாக்டருக்குப் போன் போட்டார்கள். ஒலிபெருக்கியில் வைக்காமலே எல்லோருக்கும் கேட்டது. படகு போச்சுன்னா போச்சு, வேனில் ஏறி வாங்க, வீம்புக்கு இது இடமில்லை என்றார். டெலிபோன்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் முப்பது வருஷமா டாக்டருங்க கத்தறதைக் கேட்டுக்கிட்டிருக்கேன். இருட்டினா ஏறிடறோம். வாக்கு" என்றார். வைத்துவிட்டார்.

பாலம்வரை பத்து கிலோமீட்டர். அவளுடைய தொடைகள் அவளுடையவையாக இல்லை. எதைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிறோம் என்று யோசிக்கவில்லை. மைல்கல்லை மட்டும் பார்த்தாள், ஒன்று முடிந்தால் அடுத்தது. பின்னால் அந்தக் கால்கள் ஓயவில்லை. பாலத்தின் மேல் வந்தபோது ஆறு முழுவதும் செம்பு நிறமாக இருந்தது. அதை அவருக்குச் சொல்லலாமா என்று நினைத்து, மூச்சைச் செலவழிக்க மனமில்லாமல் விட்டுவிட்டாள்.

கடைசி நாலு கிலோமீட்டரில் மறுபடி போன் அடித்தது. டெலிபோன்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"அங்க இருட்டிடுச்சா?" என்று அதட்டினார் டாக்டர்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே டாக்டர்" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டி நெளிந்தது. "மிதிங்க" என்றாள், "சிரிக்க வைக்காதீங்க, விழுந்துடுவோம்."

அன்றைய தங்குமிடமான விளையாட்டு அரங்கின் வாசலுக்குள் திரும்பியபோது மேற்கில் ஒரு கோடு வெளிச்சம் பாக்கியிருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். திட்டத் தயாராகத்தான் வாயைத் திறந்தார். பிறகு சைக்கிளின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்து, தேய்ந்துபோன பிரேக் கட்டையை நகத்தால் சுரண்டி, "இதை மாத்தாம நாளைக்கு எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை வைத்துவிட்டு வந்து டெலிபோன்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஏற்கெனவே கதையை ஆரம்பித்துவிட்டார். சரிவில் அவள் பயந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருடைய கதையில் லாரி மட்டும் இரண்டாகிவிட்டிருந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனாள். அவர் மறுநாள் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் மறைத்ததையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார்.

"தெரியும் டாக்டர்."

"அவருக்குத் தெரியுமா?"

"பாதி வழியில சொல்லிட்டேன்."

"அதுக்கப்புறமும் வந்தாரா?"

"வந்தார்."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போய்ச் சாப்பிடு" என்றார்.

அவள் சாப்பிடப் போகவில்லை. மச்சினன் ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சூடாக எதையோ குடித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் விட்டு முகம் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றான்.

"உட்காருங்க" என்றாள். அவன் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். நிமிர மறுத்த விரல்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு நான் எப்படி..."

"அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கும் நீங்க ஓட்ட முடியாது. நான்தான் ஓட்டறேன். எண்பதாவது கிலோமீட்டர்ல ஒரு இறக்கம் இருக்காமே?"

"இருக்கு. ஆறு கிலோமீட்டர். இன்னைக்கு வந்த மாதிரி வளைவு இல்லை, நேர். அதனால வேகம் ஜாஸ்தியா எடுக்கும்."

"முன்பிரேக்கை எப்ப பிடிப்பீங்க, பின்பிரேக்கை எப்ப? ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றாள்.

மச்சினன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காற்றில் இல்லாத கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.